கிளட்ச் நேரம்

பாளையங்கோட்டையில் பால் பூத்தில் தொடங்கி டிரான்ஸ்ஃபார்மரில் முடிந்துபோகிற எபனேசர் தெருவில், ஒரு வருஷத்துக்கும் மேலாக, மாலை ஆறரை மணிக்குமேல் ஒருவர் அடிக்கிற அடி இன்னொருவரைச் சென்று சேராமலே இருந்தது. கை ஓங்கும், இறங்கும், கன்னத்தில் படும். பட்ட இடத்தில் சத்தம் இருக்காது, சிவப்பு இருக்காது, வலி இருக்காது. ஏசுகிற ஏச்சும் அப்படித்தான், ஒரு காதில் நுழைந்து உள்ளே ஒன்றையும் தொடாமல் மறு காது வழியாக வெளியே வந்து தெருவோடு போய்விடும். அங்கே யாரும் இதை அதிசயம் என்று சொல்லவில்லை. தண்ணீர் வருகிற நேரம், கரண்ட் போகிற நேரம் என்பதுபோல, கிளட்ச் நேரம் என்று சொன்னார்கள்.

அந்த நேரத்தை உண்டாக்கியது ஒரு கார். தயாரித்த கம்பெனியே மூடிப்போன, கத்தரிப்பூ நிறத்தில் ஒரு பழைய சின்னக் கார். உச்சியில் மஞ்சள் பலகை, பலகையில் ‘தீபம் பெண்கள் டிரைவிங் ஸ்கூல்’. ஞானதீபம்தான் அதன் உரிமையாளர், ஆசிரியை, மெக்கானிக், கழுவித் துடைக்கிற ஆள், எல்லாம். கற்றுக்கொடுக்கிற கார் என்பதால் அதற்கு இரண்டு கிளட்ச் பெடல்கள். ஓட்டுகிறவளுக்கு ஒன்று, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தீபத்துக்கு ஒன்று. கற்க வந்தவள் எதிரே பஸ்ஸைக் கண்டு பதறி எல்லாவற்றிலிருந்தும் காலைத் தூக்கிவிடுகிற கணத்தில், தீபம் தன் பக்கத்துப் பெடலைச் சத்தமில்லாமல் அமுக்குவாள். என்ஜின் தனியாகவும் சக்கரம் தனியாகவும் பிரிந்து நிற்கும். வண்டி குலுங்காது, அணையாது, யார்மேலும் போய் இடிக்காது. தானே சமாளித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அந்தப் பெண் சிரிப்பாள். அப்படிச் சிரித்துச் சிரித்தே ஊரில் பாதிப் பெண்கள் லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள். கற்க வந்தும் வாங்காமல் போனவள் தீபத்தின் தங்கை கிருபா ஒருத்திதான், ஏனென்றால் கிருபா ஓட்டும்போது தீபத்தின் கால் பெடலைவிட்டு மேலே வந்ததே இல்லை.

கிருபாவை எபனேசர் தெருவில்தான் கட்டிக் கொடுத்திருந்தது. புருஷன் ஜெயசீலன் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி வாத்தியார், சர்ச் பாடகர் குழுவில் கனத்த குரல்காரன், தெருவில் ஒரு கல்யாணம் ஒரு சாவு என்றால் முதல் ஆளாக வந்து நாற்காலி போடுகிறவன். ஆறரை மணிக்கு அவனுடைய பைக் பால் பூத்தைத் தாண்டியதும், ஒவ்வொரு வீடாக டிவி சத்தம் கூடிக்கொண்டே வரும்; பைக் அவன் வீட்டு கேட்டில் நுழையும்போது தெரு முழுக்க விளம்பரப் பாட்டும் நாடகத்து அழுகையுமாக அலறும். அவ்வளவு சத்தத்துக்கு நடுவே ஒரு வீட்டில் கன்னத்தில் விழுகிற அறை எப்படிக் கேட்கும்? தீபம் பலமுறை போய்ச் சண்டை போட்டாள். “நீ போக்கா, பெருசாக்காத,” என்று கிருபாவே கேட்டைச் சாத்தினாள்.

ஒரு மாலை, தபால் ஆபீசில் வேலை பார்க்கிற ஷர்மிளா பானு ஓட்டிக்கொண்டு வந்தபோது, வண்டி சரியாகக் கிருபா வீட்டுக்கு முன்னால் திணறியது. தீபத்தின் கால் வழக்கம்போல் பெடலில் இறங்கியது. திறந்த ஜன்னலுக்குள் அடுப்பங்கரை தெரிந்தது, கரண்டியோடு தங்கை நிற்பது தெரிந்தது, ஓங்கிய கை தெரிந்தது. அந்தக் கையைப் பார்த்த மாத்திரத்தில், பஸ்ஸுக்கு முன்னால் நிற்கிற வண்டியைக் காப்பாற்றுவதுபோலத் தன் உடம்பின் கனத்தையெல்லாம் குதிகாலுக்குக் கொண்டுவந்து தீபம் கடைசிவரை அமுக்கினாள். கை விழுந்தது. கிருபாவின் முகம் அசையவில்லை. அவள் அந்தக் கையை, எங்கிருந்தோ வந்து உட்கார்ந்த ஈயைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். அவனும் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“டீச்சர், கிளட்ச்ச விடட்டா?” என்றாள் ஷர்மிளா பானு.

“விடாத,” என்றாள் தீபம். கையை நீட்டிச் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தாள். “நீ எறங்கி வீட்டுக்குப் போம்மா. நான் கொஞ்சம் இருந்துட்டு வாரேன்.”

மறுநாளிலிருந்து ஆறரை மணிக்கு அந்தக் கார் அந்த கேட்டுக்கு எதிரே வந்து நின்றது, என்ஜினை அணைத்துவிட்டுத் தீபம் பெடலை அமுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், உள்ளே சாப்பாடு முடிந்து ஜெயசீலன் பாட்டுப் பயிற்சிக்குப் புறப்படும்வரை உட்கார்ந்தாள்.

முதலில் கண்டுகொண்டவள் எதிர்வீட்டு ரூபி. டிவி சத்தத்தைக் கூட்ட ரிமோட்டை எடுத்தவள், கூட்டவேண்டிய தேவை இல்லாததைக் கண்டு, ரிமோட்டும் கையுமாக வாசலுக்கு வந்து, காரைப் பார்த்து, காருக்குள் தீபத்தின் காலைப் பார்த்து, ஜன்னலுக்குள் நடப்பதைப் பார்த்து, எல்லாவற்றையும் புரிந்துகொண்டாள். “கர்த்தர் ஒங்க கால ஆசீர்வதிக்கட்டும் டீச்சர்,” என்று சொல்லி உள்ளே போய்க் காப்பி கொண்டுவந்தாள். ஒரு வாரத்துக்குள் தெருவில் டிவிகளெல்லாம் மெதுவாகப் பேசத் தொடங்கின. இவ்வளவு அமைதியான தெரு இந்த ஊரிலேயே கிடையாது என்று எல்லாரும் சொல்லிக்கொண்டார்கள்.

அப்புறம் ஒவ்வொருவராக அந்த நேரத்துக்கு ஒரு வேலை கண்டுபிடித்தார்கள். டியூஷன் மாஸ்டர் ஆசீர்வாதம் பிரம்படியை ஆறரைக்கு மேல் மாற்றிக்கொண்டார். “அடிச்ச மாதிரியும் ஆச்சு, வலிக்காத மாதிரியும் ஆச்சு, பெத்தவங்களுக்கும் திருப்தி,” என்பார். கைக்குழந்தைக்காரிகள் ஊசி போடுகிற நர்ஸை வீட்டுக்கே வரச்சொல்லிக் காத்திருந்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து மாமியார் ஒருத்தி மருமகளை ஏசுவதற்கான ஏச்சுகளைக் காலையிலிருந்து சேர்த்துவைத்து, விளக்கு வைத்ததும் நிதானமாக, ஒன்றுவிடாமல் ஏசித் தீர்த்தாள். மருமகள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். சொத்துத் தகராறுள்ள அண்ணன் தம்பிகள் பகலில் வாய் தடித்தால், “இப்ப வேண்டாம், கிளட்ச்சு நேரத்துல பேசிக்கிடுவோம்,” என்று கலைந்தார்கள். வெளியூரிலிருந்து பெண் கொடுக்க வருகிறவர்கள்கூட விசாரித்தார்கள்: “அந்த கிளட்ச் தெருவா? அப்பம் தைரியமாக் குடுக்கலாம்.”

எல்லாரையும்விட எளிதாகப் பழகிக்கொண்டவன் ஜெயசீலன். “வாங்க மைனி. இன்னைக்குக் கொஞ்சம் லேட்டு போல,” என்று கேட்டில் நின்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவான். போய், குழம்பில் உப்புக் குறைந்ததற்கோ கூடியதற்கோ, முன்பைவிடத் தாராளமாகக் கை நீட்டினான். கிருபா அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். “ஒனக்குத்தான் வலிக்கலையே, பெறவு எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கே?” என்று கேட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

அவன் போனபின் அவள் கார் ஜன்னலுக்கு வருவாள்.

“வலிச்சிதாட்டி?”

“இல்லக்கா.”

“நெசமா?”

“நெசமாத்தான். தொட்ட மாதிரியே இல்ல.”

முழங்கால் விண்விண்ணென்று தெறிக்க, தீபம் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினாள். தங்கை சிரிப்பது குறைந்துவருவதையும் அழுவது அறவே நின்றுபோனதையும் அவள் பார்த்தாள். பார்த்து, அழாமல் இருப்பது நல்லதுதானே என்று நினைத்தாள். சேராத அடியெல்லாம் எங்கே போகிறது என்று அவளும் கேட்கவில்லை, தெருவும் கேட்கவில்லை.

நன்றி காட்டவேண்டும் என்று தெருவுக்கு ஆசை வந்ததில்தான் எல்லாம் கெட்டது. ஒருநாள் தீபம் ரூபி வீட்டுக்குள் முகம் கழுவப் போயிருந்த நேரத்தில், சர்ச்சின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார் பானெட்டைத் திறந்து பார்த்தார்கள். கிளட்ச் ஆயில் நிற்கிற சின்னக் குப்பி பாதி வற்றிக் கிடந்தது. கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்தில் கைவைத்து ஜெபித்துக் கொடுத்த ஜெப எண்ணெய் ரூபியின் கையில் இருந்தது. அவள் கண்ணை மூடி ஸ்தோத்திரம் சொல்லி ஊற்றினாள். தாங்கள் மட்டும் குறைந்துபோவதா என்று பால் பூத் பக்கத்து அம்மன் கோயில்காரர்கள் விளக்கெண்ணெய் கொண்டுவந்து மிச்ச இடத்தை நிரப்பினார்கள். மூடியைத் திருகி, பானெட்டைச் சாத்தி, அதன்மேல் ஒரு முழம் மல்லிகையும் சுற்றிவைத்தார்கள். பூவைப் பார்த்துத் தீபத்துக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே எண்ணெயைக் குடித்து ரப்பர் ஊதிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

ஈஸ்டருக்கு முந்தின தவசு நாட்களில் ஒரு வெள்ளிக்கிழமை, அமுக்கிப் பிடித்த பெடல் அவள் காலுக்கடியில் தானாகவே மெல்ல மெல்ல இறங்கியது. பிடித்திருக்கும்போதே பிடி போய்க்கொண்டிருந்தது. அவள் பதறித் தூக்கி மறுபடி அமுக்குவதற்குள், உள்ளே ஒரு அறை விழுந்தது.

விழுந்து, சேர்ந்தது.

அந்தச் சத்தம் தெருவின் இரண்டு முனைக்கும் போயிற்று. மெதுவாகப் பேசிக்கொண்டிருந்த டிவிகளுக்கு மேலே, பலகை முறிவதுபோல் ஒரே ஒரு சத்தம். எல்லா வாசலிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். வெளிறிப்போய், நெஞ்சில் கைவைத்து, அப்படியொரு சத்தத்தைப் பிறந்ததிலிருந்து கேட்டதே இல்லை என்பதுபோல் ஓடிவந்தார்கள். ஓடிவந்து, கேட்டுக்குள் யாரும் போகவில்லை. காரைச் சுற்றிக்கொண்டார்கள்.

“என்ன டீச்சர் இது! கிளட்ச்ச கவனிக்கப்படாதா?” என்றாள் ரூபி.

“புள்ளைகள் படிக்கிற நேரத்துல இப்படியொரு சத்தம்,” என்றார் ஆசீர்வாதம். “பொறுப்பு வேண்டாமா?”

ஜெயசீலனும் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான். “பரவால்ல, விடுங்க. மைனிய ஒண்ணும் சொல்லாதீய. பழைய வண்டி. மாஸ்டர் சிலிண்டர் போயிருக்கும்.”

தீபம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அத்தனை முகத்திலும் அவள்மீது வருத்தம் இருந்தது, உண்மையான வருத்தம். அவனைப் பார்க்கிற முகம் ஒன்றுகூட இல்லை. இதை நானா செய்தேன், இத்தனை நாளும் உட்கார்ந்து இதையா செய்தேன் என்று உள்ளே ஏதோ இடிந்து விழுந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டு கிருபா நின்றாள். ஒரு கை கன்னத்தில். அழவில்லை, ரொம்ப தூரத்திலிருந்து யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோலத் தலையைச் சாய்த்து, கண்ணை அகல விரித்து, கன்னத்து எரிச்சலைக் காதுகொடுத்துக் கேட்பவள் மாதிரி நின்றாள்.

“மாத்தும்போது சொல்லுக்கா,” என்றாள். “ஏர் எடுக்க ஆளு வேணும்லா. நான் வாரேன்.”

பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாகக் கிளட்ச்சுக்கு அனுப்புகிற புது மாஸ்டர் சிலிண்டர் கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, கறிச்சோறு முடிந்து, வெயில் சற்றுச் சாய்ந்ததும் தெருவே நாற்காலி போட்டு உட்கார்ந்தது. இன்றைக்குச் சரியாகிவிட்டால் நாளையிலிருந்து பழையபடி கிளட்ச் நேரம் என்று எல்லாருக்கும் சந்தோஷம். ஜெயசீலன் தீபத்துக்கு டீ வாங்கிவந்தான்.

பெடலுக்குக் கீழே மல்லாந்து படுத்து, கம்பியைப் பிடித்திருந்த ஊசியைத் தீபம் உருவினாள். முன்பக்கம் வந்து குழாயைக் கழற்றி, இரண்டு நட்டையும் திருகி, கைக்குள் அடங்கும் அந்த இரும்புத் துண்டை வெளியே எடுத்தாள். உள்ளே ரப்பர் ஊறிய வடையாகக் கிடந்தது. முகர்ந்து பார்த்தாள்.

“எவ இதுல எண்ணெய ஊத்துனது?”

தெரு வானத்தைப் பார்த்தது.

“ஜெபம் பண்ணுன எண்ணெய்தான் டீச்சர்,” என்றாள் ரூபி, சின்னக் குரலில். “அது கெடுதலா செய்யும்?”

புதியதைப் பொருத்தி, சுத்தமான ஆயிலை ஊற்றியாயிற்று. இனி ஏர் எடுக்கவேண்டும். அது ஒருத்தியால் ஆகிற வேலை அல்ல. ஒருத்தி மேலே உட்கார்ந்து பெடலை அமுக்கி அமுக்கிப் பிடிக்க, இன்னொருத்தி அடியில் படுத்துக் குழாயின் கடைசியில் இருக்கும் நிப்பிளைத் திறக்க, குழாயில் அடைபட்டிருக்கும் காற்று ஆயிலோடு குமிழ் குமிழாக வெளியே வரும். திறந்து மூடியபின்தான் மேலே இருப்பவள் காலை எடுக்கலாம். கிருபா ஓட்டுகிற சீட்டில் ஏறினாள். தீபம் ஜாக்கி போட்டு, கல் முட்டுக்கொடுத்து, ஸ்பேனரோடு அடியில் நுழைந்தாள். நிப்பிளில் மாட்டிய சின்னக் குழாய் ஒரு கண்ணாடிப் பாட்டிலுக்குள் இறங்கியிருந்தது.

“அமுக்கு. இன்னொருக்கா. இன்னொருக்கா. பிடி!”

“பிடிச்சிருக்கேன்.”

தீபம் நிப்பிளைத் திறந்தாள். கறுத்த ஆயிலோடு ஒரு குமிழ் பாட்டிலுக்குள் எழும்பி வந்து வெடித்தது. வெடித்த சத்தம் ஒரு அறையின் சத்தமாக இருந்தது, மேலே, சீட்டில், “அம்மா!” என்றாள் கிருபா.

தீபத்தின் கையிலிருந்து ஸ்பேனர் விழுந்தது.

அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. சேராத அடி எங்கும் போய்விடவில்லை. இந்தக் குழாயில்தான் இருந்தது, ஒன்றன்பின் ஒன்றாக, விழுந்த வரிசையில், தன்னுடைய முறைக்காகக் காத்திருந்தது.

“கிருபா! எறங்கிரு! வேண்டாம்ட்டி, வண்டியே வேண்டாம், தள்ளிக் கொண்டுபோய் எங்கயாவது போட்டுருவோம், எறங்கிரு!”

மேலே சீட்டின் ஸ்பிரிங் முனகியது.

“இது என்னோடதுக்கா,” என்றாள் கிருபா. “இத்தன நாளும் இங்கயா வச்சிருந்த? மூடு. நான் அமுக்குதேன். பெறவு தொற.”

கார் அடியிலிருந்து தங்கையின் முகம் தெரியாது. குரல் மட்டும்தான் தெரியும். அமுக்கினாள், பிடிச்சிருக்கேன் என்றாள், தீபம் திறந்தாள், வெடித்தது. அமுக்கினாள், பிடிச்சிருக்கேன் என்றாள், தீபம் திறந்தாள், வெடித்தது. ஒவ்வொரு தடவையும் அந்த ஒரே வார்த்தை வேறு வேறு வாயிலிருந்து வருவதுபோல் வந்தது, உதடு கிழிந்த வாய், பல்லைக் கடித்த வாய், அழுகிற வாய். அந்த அழுகையைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று என்று தீபம் நினைத்துக்கொண்டாள். தன் தங்கையைத் தன் கையாலே, ஸ்பேனரைக் கால்சுற்றுத் திருப்பித் திருப்பி, அவள் அடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவும் முடியாது. நிறுத்தினால் மிச்சம் உள்ளேயே இருக்கும்.

தெருவுக்கும் அதனதன் பங்கு வந்தது. டியூஷன் பிள்ளைகள் உள்ளங்கையைத் தொடைக்கிடையில் செருகிக்கொண்டு கதறின. ஆசீர்வாதம் அவர்களைப் பார்த்துவிட்டு நாற்காலியில் இருந்து எழவே முடியாமல் இருந்தார். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து மருமகள், ஒரு வருஷத்து ஏச்சும் ஒன்றாகக் காதில் இறங்க, எழுந்து மாமியாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு வீட்டுக்குள் போய்த் தாழ் போட்டாள். கைக்குழந்தைகள் வீறிட்டன. வீட்டுக்குள் ஓடி டிவி சத்தத்தைக் கூட்டியவர்களும் உண்டு. எவ்வளவு கூட்டினாலும் அதற்கு மேலே கேட்டது. ரூபி காதைப் பொத்திக்கொண்டு, “எம்மா, இவ்வளவா! இவ்வளவா அடிச்சான்!” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்கும் அது அன்றைக்குத்தான் தெரிந்ததுபோல் இருந்தது.

டீ கிளாஸோடு நின்ற ஜெயசீலன் நாலாபக்கமும் திரும்பிப் பார்த்தான். “யாரு அது? யாரு அடிக்கது?” என்று நிஜமாகவே கேட்டான்.

குமிழ்கள் சிறுத்தன. ஆயில் கறுப்பு மாறி, கலங்கல் மாறி, தேன்போலத் தெளிந்து, ஒரு குமிழும் இல்லாமல் கம்பியாக இறங்கியது. தீபம் நிப்பிளை இறுக்கிவிட்டு ஊர்ந்து வெளியே வந்தாள். கிருபாவின் முகத்தைப் பார்த்தாள். ஒரு கண் மூடியிருந்தது. கன்னம் இருக்கிற இடத்தில் வேறேதோ இருந்தது.

“எக்கா,” என்றாள் கிருபா. கோபமாகச் சொல்லவில்லை. “நீ மொதமொதல்ல கிளட்ச்ச பிடிச்சேல்லா, அன்னைக்கு. காலையிலேயே நான் பையக் கட்டிக் கட்டிலுக்கடியில வச்சிட்டேன். இன்னும் ஒரு அடி, ஒரே ஒரு அடி விழட்டும், போயிருதேன்னு இருந்தேன்.”

கிருபா ஸ்டியரிங்கில் கையை வைத்தாள்.

“விழவே இல்லையேக்கா.”

தீபம் ஸ்பேனரைக் கீழே வைத்தாள். குனிந்து ஜாக்கியை இறக்கினாள், கல்லை எடுத்தாள், மறுபக்கம் போய்த் தன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அது ஒன்றுதான் அவளுக்குச் செய்யத் தெரிந்தது. கிருபா சாவியைத் திருப்பினாள்.

ஜெயசீலன் காருக்கு முன்னால் வந்து நின்றான். “கிருபா, எறங்கு. ஆஸ்பத்திரிக்கு நான் கூட்டிட்டுப் போறேன். எல்லாரும் பாக்காங்க, எறங்கு.” அவள் இறங்கவில்லை. அவன் சிரிக்க முயன்றான். “மைனி, நீங்களாவது சொல்லுங்க. இவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாதுன்னு ஒங்களுக்குத் தெரியும்லா.”

அப்படிச் சொல்லிவிட்டு அவன் கிருபாவைப் பார்க்கவில்லை; தீபத்தின் பக்கம், அவளுடைய காலைத்தான் பார்த்தான். தெரு முழுக்க அந்தக் காலைத்தான் பார்த்தது. அந்தக் கால் இருக்கும்வரை எந்த வண்டியும் யாரையும் இடிக்காது என்று எல்லாருக்கும் தெரியும். தீபத்தின் குதிகாலும் பழக்கத்தில் பெடலைத் தேடி இறங்கிவிட்டிருந்தது. இன்னும் கொஞ்சம் அமுக்கினால் போதும், எல்லாம் மறுபடி அமைதியாகிவிடும்.

“காலத் தூக்கிக்கோக்கா,” என்றாள் கிருபா.

செருப்பைக் கழற்றிவிட்டு, வலிக்கிற முழங்காலை இரண்டு கையாலும் பிடித்து மடக்கி, பந்தியில் உட்காருவதுபோல் அந்தச் சின்ன சீட்டின்மேல் தீபம் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

கார் தவளைபோல ஒரு எம்பு எம்பியது. ஜெயசீலன் கிளாஸை எறிந்துவிட்டுப் பின்னால் பாய்ந்து சாக்கடை ஓடையில் விழுந்தான். கார் அணைந்தது. கிருபா மறுபடி சாவியைத் திருப்பினாள். மறுபடி ஒரு எம்பு, இந்தத் தடவை அணையவில்லை. தீபத்தின் பல் நாக்கில் இறங்கி வாயெல்லாம் ரத்தம் உப்புக் கரித்தது, தலை டாஷ்போர்டில் இடித்தது, கண்ணில் பொறி பறந்தது. அவள் இரண்டு கையாலும் தன் பாதங்களைப் பிடித்துக்கொண்டாள். டிரான்ஸ்ஃபார்மர் தாண்டியது. பெரிய ரோடு வந்தது. எதிரே லாரி ஒன்று ஹாரனை அழுத்திக்கொண்டே ஒதுங்கிப் போயிற்று.

“எங்கட்டி போறே?” என்றாள் தீபம், ரத்தத்தை விழுங்கிக்கொண்டு.

“தெரியாதுக்கா,” என்றாள் கிருபா. திறந்திருந்த ஒரு கண்ணால் ரோட்டைவிட்டுப் பார்வையை எடுக்காமல், கியர்க் கம்பியைப் பிடித்து இழுத்தாள். அது மாட்டுவேனா என்று கரகரத்தது. “மொதல்ல ரெண்டாவது கியர் விழட்டும்.”